மின்னோட்டத் தாள் ஏன் கிழிகிறது? காந்த மறுஇணைப்பின் வேகக் கணக்கு

[திரை: மேலே வலப்பக்கம், கீழே இடப்பக்கம் செல்லும் அம்புகள். நடுவே மெல்லிய ஒளிக்கோடு.]

மேலே காந்தப்புலம் வலப்பக்கம் போகிறது, கீழே இடப்பக்கம். நடுவில் அது திசை மாறியாக வேண்டும். திசை மாறும் இடத்தில், ஆம்பியர் விதிப்படி, மின்னோட்டம் ஓடியே தீரும். அகலமாகவும் மெலிதாகவும் பரவிய அந்த மின்னோட்டத்தைத்தான் மின்னோட்டத் தாள் என்கிறோம். அதனுள் புலக்கோடுகள் அறுந்து, எதிர்ப்பக்கக் கோடுகளோடு இணைகின்றன. இதுதான் காந்த மறுஇணைப்பு. காந்த ஆற்றல் வெப்பமாகவும், பீறிடும் பிளாஸ்மாவின் (மின்னூட்டத் துகள்களாலான வாயு) வேகமாகவும் மாறுகிறது. சூரியனில் திடீரென ஆற்றலைக் கொட்டும் சோலார் ஃபிளேர் வெடிப்பது இப்படித்தான்.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் அது புரியும்.

[திரை: தாளின் நீளம் 10,000 கி.மீ.; ஆல்ஃபென் வேகம் நொடிக்கு 1,000 கி.மீ.; லுண்ட்க்விஸ்ட் எண் 1 லட்சம் கோடி.]

சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவுக்குப் பொருத்தமான எண்கள் இவை. காந்தப்புலக் கோடுகள் வழியே அலை பரவும் வேகமே ஆல்ஃபென் வேகம். காந்த அலை தாளின் நீளத்தைக் கடக்க 10 நொடி போதும். லுண்ட்க்விஸ்ட் எண், மின்தடையால் புலம் கரைய எடுக்கும் நேரம் இந்த 10 நொடியைப் போல எத்தனை மடங்கு என்று சொல்கிறது. 1950-களில் பீட்டர் ஸ்வீட்டும் யூஜீன் பார்க்கரும் தந்த மாதிரியில், தாளின் தடிமன் என்பது நீளத்தை அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தது. இங்கே அது வெறும் 10 மீட்டர்.

மின்தடை வேலை செய்யத் தாள் மெலிய வேண்டும். ஆனால் உள்ளே வரும் பிளாஸ்மா அந்த மெல்லிய விளிம்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெளியேறும் வேகம் ஆல்ஃபென் வேகத்தைத் தாண்டாது. ஆகவே உள்ளே வரும் வேகம் நொடிக்கு 1 மீட்டர்தான். ஆற்றல் தீர ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும். ஃபிளேரோ சில நிமிடங்களில் வெடித்துவிடுகிறது.

[திரை: தாள் பல தீவுகளாக உடைகிறது.]

அந்த 10 மீட்டர் தாள் நிலைக்குமா என்று கேட்பதுதான் சரியான கேள்வி. 1963-இல் ஃபர்த், கில்லீன், ரோசன்ப்ளூத் மூவரும் கிழிவு நிலையின்மையை விளக்கினார்கள். ஒரே திசையில் ஓடும் மின்னோட்ட இழைகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால், தாள் தனித்தனிக் காந்தத் தீவுகளாகத் திரள முயல்கிறது. தாளின் தடிமனைவிட நீண்ட அலைகளே இப்படி வளரும். குறுகிய அலைகளைக் காந்த இழுவிசை அடக்கிவிடும். 2007-இல் லோரேரோ, ஷெகோசிகின், கௌலி இதை ஸ்வீட்–பார்க்கர் தாளுக்கே பொருத்திப் பார்த்தார்கள். லுண்ட்க்விஸ்ட் எண் கூடக்கூட கிழிவும் வேகமாகிறது, அதன் நான்காம் மூலத்துக்கேற்ப. நம் எண்களில், காந்த அலை தாளைக் கடக்கும் வேகத்தைவிட அது 1,000 மடங்கு. அதாவது 10 நொடிக்குப் பதில் நூறில் ஒரு நொடி.

10 நொடியில் உருவாக வேண்டிய தாள் நூறில் ஒரு நொடியில் கிழிந்தால், அப்படி ஒரு தாள் உருவாகவே முடியாது! தடிமன் சுமார் 1 கி.மீ. ஆகும்போதே கிழியத் தொடங்கிவிடும். இந்தத் தீவுகளுக்குப் பிளாஸ்மாய்டு என்று பெயர். லுண்ட்க்விஸ்ட் எண் சுமார் 10,000-ஐத் தாண்டினால் இவை தலைகாட்டும். பிறகு மறுஇணைப்பின் வேகம் மின்தடையைச் சாராமல், ஆல்ஃபென் வேகத்தில் நூறில் ஒரு பங்கில் நிலைபெறுகிறது. நான்கு மாதக் கணக்கு 17 நிமிடமாகச் சுருங்குகிறது.

[திரை: கணினிக் கட்டங்கள் மேல் படிந்த தாள்.]

இதைச் சிமுலேஷனில் பார்க்க விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. லுண்ட்க்விஸ்ட் எண் 10,000 என்றால் தடிமன் நீளத்தில் நூறில் ஒரு பங்கு. தடிமனுக்குள் 10 கட்டமாவது வேண்டுமென்றால், அதே அளவுக் கட்டங்கள் நீளத்துக்கு 1,000 தேவை. எண் 10 லட்சம் என்றால் 10,000 கட்டங்கள். பிளாஸ்மாய்டுகளுக்கு இடையே உருவாகும் தாள்கள் இன்னும் மெல்லியவை. கட்டம் போதாவிட்டால், நீங்கள் கொடுத்த மின்தடைக்குப் பதிலாகக் கணக்கீட்டுப் பிழையே மின்தடையாக வேலை செய்யும். அப்போதும் வேகம் மின்தடையைச் சாராமல்தான் தெரியும். சரியான விடையும் தவறான விடையும் ஒரே முகத்தோடு வருவதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். கட்டங்களை இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டுங்கள்; வேகம் மாறினால், நீங்கள் அளந்தது கட்டத்தை.

தொடக்க நிலை முழுச் சமச்சீராக இருந்தால், பிளாஸ்மாய்டு நட்டநடுவில் பிறந்து, எந்தப் பக்கமும் நகராமல் பருத்துக்கொண்டே போகும். சிறு ஒழுங்கற்ற அசைவு ஒன்றைச் சேருங்கள். ஓரங்களைச் சுழல் எல்லையாக (ஒரு பக்கம் வெளியேறுவது எதிர்ப்பக்கம் நுழையும்படி) வைத்தால், வெளியேறிய பிளாஸ்மா மறுபக்கம் வழியே திரும்பி வந்து மோதும். அதன்பின் எடுத்த அளவுகளை நம்ப வேண்டாம்.

[திரை: அயனி நிலைம நீளம் 7 மீட்டர்.]

கன சென்டிமீட்டருக்கு 100 கோடி துகள்கள் கொண்ட கொரோனாவில் அயனி நிலைம நீளம், அதாவது அயனிகள் காந்தப்புலத்தோடு ஒட்டி நகர்வதை நிறுத்தும் அளவு, சுமார் 7 மீட்டர். கிழிந்த தாள்கள் அதற்கும் கீழே மெலிந்ததும் அயனிகளும் எலெக்ட்ரான்களும் பிரிந்து நகரும். அப்போது மறுஇணைப்பின் வேகம் ஆல்ஃபென் வேகத்தில் பத்தில் ஒரு பங்காக உயர்கிறது. இங்கே இரண்டையும் ஒரே திரவமாகக் கருதும் சமன்பாடுகள் போதாது.

பூமியருகே இதை நேரில் அளக்க முடிந்திருக்கிறது. நாசா 2015 மார்ச்சில் ஏவிய எம்.எம்.எஸ். திட்டத்தின் நான்கு விண்கலங்கள், அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று பூமியின் காந்தப்புலம் முடியும் காந்த எல்லையில், எலெக்ட்ரான்களும் புலக்கோடுகளிலிருந்து விடுபடும் எலெக்ட்ரான் பரவல் பகுதியைக் கடந்தன. அந்தப் பகுதி சில கி.மீ. அகலமே; நொடிக்குப் பல பத்து கி.மீ. வேகத்தில் கலத்தைத் தாண்டிப் போய்விடும். சில நொடிகளுக்கு ஒருமுறை அளந்த பழைய கருவிகளில் அது சிக்கவில்லை. எம்.எம்.எஸ். 30 மில்லிநொடிக்கு ஒருமுறை அளந்ததால்தான் மறுஇணைப்பின் அடையாளமாக, எலெக்ட்ரான் வேகப் பரவலில் ஒரு பிறை வடிவம் பதிவானது.