இயல்பு என்று யார் சொன்னது?

நேயர்களுக்கு வணக்கம். குயர் கோட்பாடு பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். திருநங்கைகள், தன்பால் ஈர்ப்பு உள்ளவர்கள் பற்றிய விஷயம், நமக்கு எதுக்கு என்று தயவுசெய்து வானொலியை அணைத்துவிடாதீர்கள். அவர்களுடைய வாழ்க்கையிலிருந்து பிறந்த சிந்தனைதான், ஆனால் அது கேட்கிற கேள்வி முப்பது வயதாகியும் ஏன் கல்யாணம் பண்ணலை என்று ஊர் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும் சொந்தம், 'பொம்பள மாதிரி அழாதடா' என்று அதட்டப்படும் பையனுக்கும் சொந்தம். இதுதான் இயல்பு, மற்றதெல்லாம் கோளாறு என்று தீர்மானித்தது யார்? எப்போது? எதற்காக?

பிரெஞ்சு அறிஞர் மிஷெல் ஃபூக்கோ 1976இல் இதை வேறு கோணத்தில் கேட்டார். முன்பு ஐரோப்பாவில் தன்பால் உறவு போன்ற சில செயல்களைப் பாவம் என்றார்கள், குற்றம் என்றார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் மருத்துவமும் சட்டமும் சேர்ந்து, அந்தச் செயலைச் செய்தவரையே ஒரு தனி வகை மனிதராக, நோயாளியாக, ஆக்கின என்றார். நம் நாட்டில் தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவு வந்ததும் அதே நூற்றாண்டில்தான், 1860இல், வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில். வயது வந்த இருவர் மனம் ஒப்பிச் சேர்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2018 செப்டம்பர் வரை காத்திருந்தோம்.

அப்புறம் எய்ட்ஸ் வந்தது. ஃபூக்கோவே 1984இல் அந்த நோயால்தான் இறந்தார். அமெரிக்காவில் தன்பால் ஈர்ப்புள்ள இளைஞர்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருக்க, அது 'அவங்க நோய்' என்று அரசாங்கம் வருடக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்தது. 1987இல் நியூயார்க்கில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடும் ஆக்ட் அப் என்ற அமைப்பு தெருவுக்கு வந்தது. தங்களைத் திட்டப் பயன்பட்ட 'குயர்' என்ற சொல்லையே அந்தத் தலைமுறை தன் பெயராக எடுத்துக்கொண்டது.

இதே காலத்தில் நம்ம வேலூரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1986. எய்ட்ஸ் வெளிநாட்டு ஒழுக்கக்கேட்டின் நோய், நம்ம ஊருக்கு வராது என்று பலரும் நம்பிய நேரம். சென்னையில் நிர்மலா என்ற மருத்துவ மாணவி, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன்பேரில், பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். சோதிக்க அங்கே வசதியில்லாததால் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். இந்தியாவில் எய்ட்ஸை உண்டாக்கும் எச்ஐவி கிருமி இருக்கிறது என்று முதலில் தெரிந்தது இந்த ஊரில்தான். அந்த இரண்டு மருத்துவர்களையும் நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெண்களில் பலர் காப்பகத்தில் அடைத்துவைக்கப்பட்டிருந்தவர்கள், அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. யாருடைய உடம்பைச் சோதிக்கலாம், யாரை அடைக்கலாம், யாரைக் குடும்பப் பெண் என்று விட்டுவிடலாம் என்ற கோட்டை யார் போட்டார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டால் குயர் கோட்பாட்டுக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

கோட்பாட்டுக்குப் பெயர் வந்தது 1990இல், கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் பேராசிரியர் தெரசா டி லாரட்டிஸ் நடத்திய கருத்தரங்கில். அமெரிக்கச் சிந்தனையாளர் ஜூடித் பட்லரின் முக்கியமான நூலும் அதே ஆண்டுதான். ஆண், பெண் என்பது நமக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் சாரம் இல்லை, நடை, உடை, பேச்சு என்று தினமும் திரும்பத் திரும்பச் செய்து நாமே உண்டாக்குவது என்றார் அவர். இதைக் கேட்டு நாளைக்கே சேலை, வேட்டி மாதிரி பாலினத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறார் என நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. அப்படித் திரும்பச் செய்யாத ஆளை ஊர் என்ன பாடுபடுத்துகிறது என்று பாருங்கள், அந்த நிர்ப்பந்தம்தான் அவர் பேச்சின் மையம்.

எனக்கு மிகவும் பிடித்தவர் கேத்தி கோஹன், அமெரிக்கக் கறுப்பினப் பேராசிரியர். 1997இல் அவர் சொன்னார்: ஆண்-பெண் உறவில் இருப்பவர்கள் எல்லாருமே அதிகாரத்தின் பக்கம் இல்லை, அரசு உதவியில் பிள்ளை வளர்க்கும் ஏழைக் கறுப்பினத் தாயையும் இதே சமூகம் ஒழுக்கங்கெட்டவள் என்றுதான் பார்க்கிறது. நம்ம வடமாவட்டங்களுக்கு இதைக் கொண்டுவாருங்கள். சாதி மாறிக் காதலித்த ஆணும் பெண்ணும் ஏன் ஊரைவிட்டு ஓட வேண்டியிருக்கிறது? சாதி நிற்பதே யார் யாரைக் கட்டலாம் என்ற விதியில்தான். தன்பால் காதலை அடிக்கிற கையும் அவர்களை அடிக்கிற கையும் ஒன்று என்றே நான் நினைக்கிறேன். சாதியைத் தொடாத குயர் பேச்சு தமிழ்நாட்டில் அரைப் பேச்சுதான்.

மாற்றம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022இல் வேலூர் மாநகராட்சியின் 37ஆவது வார்டு மக்கள் கங்கா நாயக் என்ற திருநங்கையைக் கவுன்சிலராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் 2023 அக்டோபரில் தன்பால் திருமணத்தைச் சட்டப்படி ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. இதில் குயர் சிந்தனையாளர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. எங்களுக்கும் கல்யாண உரிமை கொடு என்கிறார்கள் சிலர். ஒரு மனுஷனுக்கு ஆபரேஷன் என்றால் கையெழுத்துப் போடவும், செத்தால் உடலை வாங்கவும் தாலியும் ரத்த உறவும் மட்டும்தான் தகுதியா, அந்த விதியையே மாற்று என்கிறார்கள் மற்றவர்கள். எனக்கு இரண்டும் வேண்டும். முதலாவது இப்போதே வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர் கோட்பாடு ஜெயிக்கும்வரை காத்திருக்க முடியாது. நன்றி, வணக்கம்.