அகராதிக்குப் போகாத சொல்லும் சொல்தான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கொழிஞ்சாம்பாறைப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

‘புதுச்சொல் புனைவது கலை விளையாட்டா, மொழித் தொண்டா?’ இதுதான் தலைப்பு. கலை விளையாட்டே என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய ஐயா பேருந்து, கணினி, மின்னஞ்சல் என்று அடுக்கிவிட்டு, “புழங்காத சொல் வெறும் சத்தம்” என்றார். அவர் சொன்ன மூன்றும் அருமையான சொற்கள்தான். ஆனால் மூன்றும் ஆங்கிலப் பெயரோடு வந்து இறங்கிய சாமான்கள். நாம் பெயரை மாற்றினோம், அவ்வளவே. நாங்கள் பேசுவது, பெயரே இல்லாமல் நம் நடுவே கிடப்பதைக் கண்டுபிடிப்பதைப் பற்றி.

தமிழும் மலையாளமும் கலந்து பேசும் இந்த எல்லை ஊரின் கடைத்தெருவையே பாருங்கள். முன்பின் தெரியாத ஆள் வந்து நிற்கிறார். “என்ன வேணும்” என்பதா, “எந்தா வேண்டே” என்பதா என்று கடைக்காரர் வாய் ஒரு நொடி திறந்தபடி நிற்கும். அந்த ஒரு நொடிக்கு என்ன பெயர்? எதிரணி சொல்லட்டும்.

நாங்கள் செய்துகாட்டுகிறோம். முதலில் விளக்கத்தை ஒரே வரியில் எழுத வேண்டும், சொல்லை அப்புறம்தான் தேட வேண்டும். ‘எந்த மொழியில் தொடங்குவது என்று நாக்கு நிற்கும் இடைவெளி.’ அந்த வரியிலிருந்து இரண்டே வேர்களை எடுங்கள்: நா, இடை. மூன்றாவது வேரைச் சேர்த்தால் ‘இருமொழித்தயக்கநிலை’ மாதிரி ஏதாவது வரும். அது சுருக்கி மடித்த விளக்கம், சொல் இல்லை. புதுச்சொற்கள் பல சாவது இந்த நீளத்தால்தான்.

ஆகாரத்துக்குப் பின் உயிர் வந்தால் வகர உடம்படுமெய், ஆக, நாவிடை. இனிச் சோதனை. ட, ற, ல, ர முதலான எழுத்துகளில் தமிழ்ச்சொல் தொடங்காது. க், ச், ட், த், ப், ற் ஆறிலும் முடியாது. தப்பித்தது. வேற்றுமை ஏற்றிப் பாருங்கள்: நாவிடையை, நாவிடையில், நாவிடையால். வாய் இடறவில்லை. கடைசியாக, எல்லையில் வாழ்கிறவன் பக்கத்து மொழிக் காதாலும் கேட்க வேண்டும். நம் ‘பட்டி’ மலையாளத்தில் நாய். பட்டிமன்றம் என்று வெளியே பலகை வைத்திருக்கிறோமே, அந்தப் பக்கத்து ஆள் என்ன நினைத்துப் போனாரோ! ‘நாவிடை’க்கு அந்த ஆபத்தில்லை. நாவும் இடையும் அவர்களுக்கும் உண்டு.

நடுவர் அவர்களே, விஷயம் இங்கேதான். அதே சொல்லை நா + விடை என்றும் பிரிக்கலாம். நாக்கின் தயக்கம், நாக்கு தரும் பதில், இரண்டும் ஒரே சொல்லில். கலைச்சொல் குழு இதைப் பார்த்த மாத்திரத்தில் கழித்துவிடும், ஏனென்றால் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பது அவர்கள் விதி. பாடநூலுக்கு அது சரி. அவர்கள் குறை என்று தள்ளுவதுதான் எங்களுக்குச் சரக்கு.

“இது கலை என்று எவன் சொன்னான்?” என்று கேட்டார்கள். 1965இல் ஜோசப் கோசுத் என்ற அமெரிக்கக் கலைஞர் ஒரு நாற்காலி, அதே நாற்காலியின் புகைப்படம், ‘நாற்காலி’ என்ற சொல்லுக்கு அகராதி தரும் விளக்கம், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாற்காலி எதுவாகவும் இருக்கலாம். வைக்கும் இடத்திலேயே படம் எடுத்துக்கொள்ளலாம். அவர் தச்சுவேலை எதுவும் செய்யவில்லை. படைப்பு அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. 1967இல் சால் லெவிட் என்ற இன்னொரு அமெரிக்கக் கலைஞர், கருத்தே கலையை உண்டாக்கும் எந்திரம் என்று எழுதினார். கருத்துக் கலை என்பது இதுதான். அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை என்பதற்காக அதை விறகு என்பாரா எதிரணித் தலைவர்?

கோசுத் பாணியிலேயே நாமும் வைக்கலாம். ஓர் அட்டையில் சொல், அடுத்ததில் விளக்கம், மூன்றாவது காலி. வருகிறவர் அதில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். விளக்க அட்டையை முதலில் மாட்டாதீர்கள், ஊகிக்கிற ருசி போய்விடும். பத்துப் பேர் பத்து விதமாக எழுதினால் சொல் வேலை செய்கிறது. பத்துப் பேரும் விளக்கத்தையே திருப்பி எழுதினால் சொல்லைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வேர் தேடுங்கள்.

வாசல் மேசையில் அட்டையும் பேனாவும் இருக்கின்றன. எதிரணிக்கும் சேர்த்துத்தான். நன்றி, வணக்கம்.