நெறி கட்டினா காலப் பாரு

வணக்கம் நேயர்களே. லேப்ல மைக்ராஸ்கோப்புக்கு முன்னாடி குனிஞ்சே 30 வருஷம் ஓட்டினவன் நான், மைக்குக்கு முன்னாடி என்னத்தப் பேசறதுன்னு வீட்டுக்காரிகிட்ட கேட்டேன், "நெறி கட்டின கதைய சொல்லுங்க, எங்களுக்கு நூறு தடவ சொல்லியாச்சு, இனி ஊரும் கேக்கட்டும்"னுட்டா.

பர்மாவுல பகோ பக்கம் வயக்காட்டு கிராமம் எங்களுது. எனக்கு எட்டு வயசிருக்கும், நாத்து நடுற சேத்துல வெறுங்கால்ல ஓடினதுல குதிகால்ல முள்ளு ஏறிருச்சு, சொன்னா அடி விழும்னு சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு தொடை இடுக்குல நெல்லிக்கா மாதிரி ஒண்ணு, தொட்டா உசுரு போகுது. அதையும் சொல்லல, ஆனா கைலியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நொண்டினத அப்பாயி பாத்துட்டாங்க. கட்டியத் தொடவே இல்ல அவங்க. "நெறி கட்டியிருக்கு, காலக் காட்டுடா"ன்னாங்க. குதிகால்ல சீழ். முள்ள எடுத்து வெந்நீர்ல கழுவினாங்க, கொஞ்ச நாள்ல இடுக்குல இருந்தது தானா அமுங்கிருச்சு. இதத்தான் நான் பின்னாடி காசு கட்டிப் படிச்சேன்.

உடம்புல இந்த மாதிரி மொச்சக்கொட்ட சைஸ்ல சுமார் 600 கணு இருக்குங்க. நிணநீர்க் கணுன்னு புஸ்தகத்துல இருக்கும், நாம நெறின்னே வச்சுக்குவோம். ரத்தத்துலருந்து கசியற தண்ணி திரும்ப ரத்தத்துக்குப் போற வழியில இதுக்குள்ள பூந்துதான் போகணும். தோல்ல காவல் நிக்கிற செல்லு ஒண்ணு, கிருமியோட துண்டத் தூக்கிக்கிட்டு அந்தத் தண்ணியோடயே கணுவுக்கு வந்துரும். அங்க என்ன நடக்குது? நம்ம யாங்கூன் டீக்கடைதான், குட்டி ஸ்டூலு, ஆளு வருவான், அரை நாள் உக்காருவான், தேடி வந்த முகம் இல்லேன்னா எந்திரிச்சு அடுத்த கடைக்குப் போயிருவான். லிம்போசைட்டுன்னு வெள்ளை அணு ஒண்ணு இப்படித்தான் கணு கணுவா சுத்துது, ஒவ்வொண்ணுக்கும் ஒரே முகந்தான், அதாவது ஒரே வகைக் கிருமித் துண்டுதான், அடையாளம் தெரியும். கோவன்ஸ்னு ஒருத்தர் ஆக்ஸ்ஃபோர்டுல எலிய வச்சு இந்தச் சுத்தல 1959ல காட்டினார். தன்னோட முகத்தப் பாத்துட்டா அங்கயே டேரா, ஒண்ணு ரெண்டாகி ரெண்டு நாலாகி ஆயிரக்கணக்குல பெருகிரும். கூட்டம் சேந்தா கடை பிதுங்காதா? அதான் கட்டி.

திரும்பச் சொல்றேன், நெறிய அமுக்காதீங்க, கசக்காதீங்க, அது எங்கருந்து வந்துச்சுன்னு தேடுங்க. அக்குள்னா கையப் பாருங்க, தாடைக்குக் கீழன்னா பல்லையும் தொண்டையையும் பாருங்க. ரெண்டு மூணு வாரமாகியும் கரையல, இல்ல வலியே இல்லாம கல்லு மாதிரி இருக்குன்னா டாக்டர்கிட்ட போயிருங்க, டிபி கூட கழுத்துல அப்படி வரும்.

அடுத்து மண்ணீரல். நெறி அந்தத் தண்ணிய வடிகட்டும், மண்ணீரல் ரத்தத்தையே வடிகட்டும், அவ்வளவுதான் வித்தியாசம். இடது விலாவுக்கு அடியில, ஏறக்குறைய 150 கிராம். கிழட்டு சிவப்பணுவ உடைக்கறதும் அதுதான். மலேரியா கிருமி ரத்தத்துக்குள்ளயே குடியிருக்கறதால வேலை முழுக்க இது தலையில விழுந்து வீங்கும், நம்ம பெரியவங்க காய்ச்சக்கட்டின்னு சொல்வாங்களே, அது. முன்னல்லாம் ஒரு ஊர்ல மலேரியா எவ்வளவு இருக்குன்னு பாக்க பிள்ளைங்க வயித்தத் தடவி, எத்தன பேருக்கு இது தட்டுப்படுதுன்னு எண்ணுவாங்க.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தம்பி கையக் காட்டறாரு. ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். அடிபட்டு மண்ணீரல எடுத்தவங்க ரத்தத்த ஸ்லைடுல பாத்தா சிவப்பணுக்குள்ள கருநீலமா குட்டிப் புள்ளி தெரியும், மண்ணீரல் இருந்தா அதக் கிள்ளி எடுத்துருக்கும். சீட்டுல எழுதாட்டியும் நாங்க கண்டுபிடிச்சுருவோம். அவங்க நிமோனியா தடுப்பூசி போட்டுக்கணும், காய்ச்சல் வந்தா கஷாயம் குடிச்சுட்டுப் படுக்கக் கூடாது, அன்னைக்கே, அந்த மணிக்கே ஆஸ்பத்திரிக்கு... சரி தம்பி, முடிச்சுட்டேன். வணக்கம்.