மாடி வீட்டுத் தம்பி

நேயர்களுக்கு வணக்கம். துன்ப காலத்தில் கடவுளை உணர்ந்த அனுபவம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொற்பொழிவாளன் இல்லை, தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் தத்துவத்தை விட்டுவிட்டு, வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2015 டிசம்பர் 1. மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் கீழ் வீட்டில் குடியிருந்தோம். அடையாறு பக்கத்தில்தான் ஓடுகிறது. ஆனால் அது ஓர் ஆறு என்பதே எங்களில் பலருக்கு மறந்து போயிருந்தது. அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அந்த வெள்ளம் என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரி என்பார்கள். அதன் உபரி நீர் அடையாற்றில் சேருவது எங்களுக்கும் கீழே, திருநீர்மலைப் பக்கம். எங்களை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வந்த தண்ணீர்.

தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று பழைய துணிகளைச் சுருட்டி நிலைப்படியில் அடைத்து வைத்திருந்தேன். அது குளியலறைச் சாக்கடைக் குழியிலிருந்து குபுகுபுவென்று வந்தது. அரை மணி நேரத்தில் கட்டில் வரை ஏறிவிட்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை. இருட்டில் கேஸ் சிலிண்டர் மிதந்து வந்து சமையலறைக் கதவை டொக் டொக் என்று இடித்துக்கொண்டிருந்தது. இன்றும் யாராவது கதவைத் தட்டினால் எனக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகம் வரும்.

அம்மாவுக்கு 81 வயது. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து படியேற முடியாது. வேண்டாத தெய்வமில்லை. தண்ணீர் வடிய வேண்டும் என்று வேண்டினேன். இன்னும் ஒரு முழம் ஏறியது.

மாடியில் ஒரு இளம் தம்பதி இருந்தார்கள். எட்டு மாதமாக அவர்களோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம், மோட்டார் கரண்ட் பில். அவர்கள் நாள் முழுக்கத் தண்ணீர் ஏற்றுகிறார்கள், நாங்கள் பாதி கட்டுவதா என்று நான் கேட்டுவிட்டேன். கேட்ட விதமும் சரியில்லை. அந்த நிலையில் மேலே கூப்பிட எனக்குக் குரல் வரவில்லை. வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

கூப்பிடாமலே டார்ச் வெளிச்சம் படியிறங்கி வந்தது. இடுப்பளவு தண்ணீரில் அந்தத் தம்பி நின்று, "சார், பாட்டிய என் முதுகுல ஏத்தி விடுங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பழைய சேலை ஒன்றால் அம்மாவைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டச் சொன்னார், ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஏறினார்.

மேலே கைக்குழந்தை. அந்த வீட்டில் மீதியிருந்தது ஒரே ஒரு அரை லிட்டர் பால் பாக்கெட். அந்தப் பெண் அதில் கொஞ்சத்தைக் காய்ச்சி, நடுங்கிக்கொண்டிருந்த அம்மாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொன்னேன், அவள் கேட்கவில்லை. அதே நாட்களில் ஊரில் ஒரு பாக்கெட் பாலை நூறு ரூபாய்க்கு விற்றவர்களும் இருந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

விடியற்காலையில் அம்மா என்னிடம் சொன்னாள்: "முருகன் வந்து முதுகுல தூக்கிட்டுப் போனான்டா."

எனக்குப் பயமாகிவிட்டது, காய்ச்சலில் உளறுகிறாளோ என்று. "முருகன் இல்லம்மா, மாடி வீட்டுத் தம்பி" என்றேன்.

"அதைத்தான்டா நானும் சொல்றேன்" என்றாள்.

மூன்றாம் நாள் படகு வந்தது. கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்களை ஏற்றியவரிடம் இரண்டு நூறு ரூபாய் ஈரநோட்டுகளை நீட்டினேன். "வையுங்க சார், சுனாமி அப்ப எங்களுக்கும் யாரோதான் சோறு போட்டாங்க" என்றார். அப்புறம் ஒரு மண்டபம், எலுமிச்சம்பழச் சோறு, யாரோ கொடுத்த போர்வை.

கடவுள் என்னைக் காப்பாற்றினார் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அந்த வெள்ளத்தில் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். அவர்கள் கும்பிட்டதும் அதே சாமியைத்தானே? அந்தக் கேள்வி எனக்குள் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தக் காபி டம்ளரை அம்மா இரண்டு கையாலும் பிடித்திருந்ததைப் பார்த்தபோது, கோயில் கருவறை முன்னால் நிற்கும்போதுகூட வராத ஒன்று எனக்குத் தொண்டையில் வந்து நின்றது.

அம்மா அதற்கப்புறம் நான்கு வருடம் இருந்தாள். கிருத்திகைக்குக் கிருத்திகை சர்க்கரைப் பொங்கலில் ஒரு கிண்ணம் மாடிக்குப் போகும். ஒரு தடவை படைப்பதற்கு முன்பே போய்விட்டது. "சாமிக்கு இன்னும் காட்டலையே" என்றேன். "புள்ள பசிக்குதுன்னு கீழ வந்து நின்னுச்சு" என்றாள்.

மோட்டார் பில்லா? அந்தத் தகராறு இன்னும் தீரவில்லை. போன மாதம்கூட நாற்பது ரூபாய்க்கு வாக்குவாதம். வணக்கம்.