தெருப் படத்துக்கு என்ன கேமரா? முதலில் தூரத்தை முடிவு செய்யுங்கள்

[காட்சி: வேலூர் நேதாஜி மார்க்கெட், காலை நேரம். பூக்கடை வரிசை, மேலே தார்ப்பாய்.]

வணக்கம். இது நேதாஜி மார்க்கெட்டில் பூக்கடைகள் இருக்கும் பக்கம். ஒரு அம்மா பூ கட்டிக்கொண்டே பக்கத்துக் கடைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு ஒரு நொடிகூட நீடிக்கவில்லை. யாரையும் நிற்கச் சொல்லாமல், இங்கே பாருங்கள் என்று கூப்பிடாமல் அந்த நொடியை எடுப்பதைத்தான் கேண்டிட் படம் என்கிறோம்.

இதற்கு எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மெகாபிக்சலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் வேறொரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். எடுக்கப்போகும் ஆளிடமிருந்து நீங்கள் எத்தனை அடி தள்ளி நிற்கப்போகிறீர்கள்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் லென்ஸ் முடிவாகிவிடும். லென்ஸ் முடிவானால் எந்த பாடி, அதாவது லென்ஸை மாட்டும் கேமரா உடம்பு, என்பதும் கிட்டத்தட்ட முடிவாகிவிடும்.

[காட்சி: லாங் பஜார். கூட்டம், தள்ளுவண்டி, இரண்டு பக்கமும் கடைகள்.]

லாங் பஜாரில் நின்று பாருங்கள். உங்களுக்கும் எதிரில் இருக்கும் கடைக்காரருக்கும் நடுவே ஆறு அடி கிடைத்தால் பெரிது. லென்ஸின் எம்எம் எண் கூடக் கூடப் பார்வை குறுகும். ஃபுல் ஃப்ரேம் (36 எம்எம் அகல சென்சார்) கணக்கில் 35 எம்எம் லென்ஸுக்கு நினைவில் வைத்துக்கொள்ள எளிதான ஒரு கணக்கு உண்டு. எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்களோ, படுக்கைவாட்டுப் படத்தில் ஏறக்குறைய அத்தனை அடி அகலம் அடங்கும். ஆறு அடியில் நின்றால் ஆறு அடி. உட்கார்ந்திருக்கும் வியாபாரி, அவர் கூடை, தராசு, எதிரில் குனிந்து பேரம் பேசுபவர் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். அதே இடத்தில் 28 எம்எம் என்றால் எட்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு. 50 எம்எம் என்றால் நாலேகால் அடி. ஆளும் கையும் மட்டும்தான்.

இப்போது 200 எம்எம்முக்கு வருவோம். அதே ஆறு அடி அகலம் வேண்டுமென்றால் முப்பது அடிக்கு மேல் பின்னால் போக வேண்டும். பஜாரில் முப்பது அடிக்கு நடுவே எத்தனை பேர், எத்தனை சைக்கிள், எத்தனை மூட்டை! பெரிய ஜூம் லென்ஸ் இருந்தால் தெரியாமல் எடுக்கலாம் என்று நினைத்துப் பலர் அதையே முதலில் வாங்குகிறார்கள். அவ்வளவு பெரிய லென்ஸைத் தூக்கினால் தெருவே திரும்பிப் பார்க்கும். பக்கத்தில் நிற்கும் சிறிய கேமராவை இரண்டு நிமிடத்தில் மறந்துவிடுவார்கள்.

படத்தைப் பதியும் சென்சார் சிறியதாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். ஃபுல் ஃப்ரேமை விடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை 1.5-ஆல் பெருக்குங்கள், கேனானில் 1.6-ஆல். அதனால் ஏபிஎஸ்-சியில் 23 அல்லது 24 எம்எம் வாங்கினால் 35-க்குப் பக்கத்தில் வரும்.

[காட்சி: பழைய சிறிய கேமரா ஒன்று, பளபளக்கும் பாகங்களில் கறுப்பு டேப்.]

கேண்டிட் படங்களுக்குப் பெயர்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் தன் சிறிய லைக்கா கேமராவில் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு டேப்பால் மறைத்துவைத்திருந்தார். பெரும்பாலும் ஒரே 50 எம்எம் லென்ஸ்தான். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில்தான் இருந்தார். அன்று திருவண்ணாமலையும் நம் வேலூரைப் போல வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. நம் மண்ணில் அப்படி ஒரு கை, அப்படி ஒரு கேமராவோடு நடந்திருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வரும்.

சரி, பாடிக்கு வருவோம்.

இந்தப் பக்கம் பல வீடுகளில், ஸ்டுடியோக்களில் ஏற்கனவே ஒரு கேனான் டிஎஸ்எல்ஆர் இருக்கும். கல்யாண வேலைக்கோ கல்லூரிக் காலத்திலோ வாங்கியது. அது இருந்தால் புது பாடி வாங்கவே வேண்டாம். கேமராவோடு வந்த கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு 24 எம்எம் எஃப் 2.8 பேன்கேக் (தட்டையான) லென்ஸ் ஒன்றை மாட்டுங்கள். எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் அதிகம் திறந்து வெளிச்சம் அதிகம் உள்ளே வரும். எடை வெறும் 125 கிராம். கேனான் கணக்கில் 38 எம்எம் ஆகிறது, பஜாருக்குக் கச்சிதம். நிக்கான் வைத்திருந்தால் அதன் ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கான 35 எம்எம் எஃப் 1.8 டிஎக்ஸ் லென்ஸ் கிடைக்கும். ஆனால் அது 52 ஆகிவிடுவதால் கோட்டைப் பூங்கா மாதிரி கொஞ்சம் விலகி நிற்க இடம் உள்ள இடங்களுக்குத்தான் சரி.

புதிதாகவே வாங்குபவர்கள் இரண்டு பெயர்களை அடிக்கடி கேள்விப்படுவீர்கள். ஃபியூஜி எக்ஸ்100 வரிசை 2011-இல் தொடங்கியது. 23 எம்எம் எஃப் 2 லென்ஸ், மாற்ற முடியாது. லென்ஸுக்குள்ளேயே இருக்கும் லீஃப் ஷட்டர் என்பதால் சத்தம் மிகக் குறைவு. அருமையான கேமரா, ஆனால் 2024-இல் வந்த எக்ஸ்100 சிக்ஸ் ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. அடுத்தது ரிக்கோ ஜிஆர் 3. பேட்டரியோடு 257 கிராம், சட்டைப் பையில் போகும், 28 எம்எம் பார்வை. தெருவுக்கென்றே யோசித்துச் செய்த கேமரா என்று சொல்வேன். பேட்டரி மட்டும் 200 படம் அளவுக்குத்தான் தாங்கும், தூசிக்குப் பாதுகாப்பும் இல்லை.

மொபைல்? தாராளமாக. அதன் மெயின் கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 எம்எம் பார்வை கொண்டது. வால்யூம் பட்டனை ஷட்டராக வைத்துக்கொண்டால் திரையைத் தொட்டுத் தடவ வேண்டியதில்லை. வெளிச்சம் குறைந்த இடத்தில் பல ஃப்ரேம்களைச் சேர்த்து ஒரு படம் செய்வதால் அசையும் கை குழம்பிவிடும். அதை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: வெயில், தார்ப்பாய் நிழல், மறுபடி வெயில். கேமரா திரையில் ஐஎஸ்ஓ எண் மாறுகிறது.]

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், ஏனென்றால் கேண்டிட் படம் தவறிப்போவது பெரும்பாலும் இங்கேதான். மார்க்கெட்டில் நாலு அடி நடந்தால் வெயில், அடுத்த நாலு அடி தார்ப்பாய் நிழல். கேமராவை மேனுவலில் வைத்து, எஃப் 8, ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக்காட்டும் என்ற எண்) மட்டும் ஆட்டோ என்று விட்டுவிடுங்கள். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100-க்குப் பக்கத்தில் நிற்கும். தார்ப்பாய்க்குக் கீழே 1600 போல ஏறும். இன்றைய எந்த சென்சாருக்கும் 1600 சிரமமில்லை. 1/500 இருந்தால் பூ கட்டும் விரலும் உறைந்து நிற்கும். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே முகமெல்லாம் நீலம் பூசிக்கொள்ளும். ரா (RAW) கோப்பாக எடுத்தால் அதை வீட்டில் சரிசெய்துகொள்ளலாம்.

அப்புறம் ஃபோகஸ். ஆட்டோஃபோகஸ் தேடிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு முடிந்துவிடும். ஏபிஎஸ்-சியில் 23 எம்எம், எஃப் 8, ஃபோகஸை எட்டு அடியில் நிறுத்தினால் சுமார் 5 அடியிலிருந்து 25 அடி வரை எல்லாமே தெளிவாக வரும். எட்டு அடி தள்ளியிருக்கும் ஒரு தூணில் ஆட்டோஃபோகஸ் செய்துவிட்டு எம்எஃப்புக்கு (மேனுவல் ஃபோகஸுக்கு) மாற்றிவிடுங்கள். பிறகு ஃபோகஸ் பற்றி யோசிக்க வேண்டாம். கண் ஆளைப் பார்த்தால் போதும். ரிக்கோவில் இதையே ஸ்னாப் ஃபோகஸ் என்று தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். அந்த கேமராவை நான் பரிந்துரைக்க முதல் காரணமே அதுதான்.

மாலை ஆகிவிட்டால் எஃப் 2, எஃப் 2.8 என்று திறக்க வேண்டியிருக்கும். அப்போது இந்த வசதி போய்விடும், ஆட்டோஃபோகஸுக்குத் திரும்புங்கள். இன்னொன்று: சத்தமே வராது என்று எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால், எல்இடி, ட்யூப் லைட் கடைகளில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கின்றன. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100-இல் எடுங்கள். பஜார் சத்தத்தில் ஷட்டர் யாருக்குக் கேட்கப்போகிறது?

[காட்சி: பொய்கை மாட்டுச் சந்தை. புழுதி.]

செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள், லென்ஸை அங்கே கழற்றவே கூடாது. புழுதி நேராக சென்சாரில் போய் உட்காரும். வீட்டிலேயே ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் கைகளை எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு 50 எம்எம் நன்றாக இருக்கும். ஆட்களோடு மாடும் மந்தையும் வானமும் வேண்டுமென்றால் 28. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா மாதிரியான நெரிசலில் கழுத்து வாரை விட மணிக்கட்டு வார் பாதுகாப்பு.

இவ்வளவும் பக்கத்தில் நின்று எடுப்பதற்காகச் சொன்னேன். பக்கத்தில் நிற்பவர் பதில் சொல்லவும் தயாராக இருக்க வேண்டும். "இன்னாத்துக்குப்பா போட்டோ புடிக்கிற?" என்று கேட்டால், "பூ கட்டுற கை அழகா இருந்துச்சுக்கா" என்று சொல்லித் திரையைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுங்கள். சிஎம்சி மருத்துவமனை இருக்கும் ஐடா ஸ்கடர் சாலையில் வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்தவர்கள் கையில் ஸ்கேன் கவரோடு நடப்பார்கள். அவர்களை எடுக்காதீர்கள். எவ்வளவு நல்ல ஃப்ரேமாக இருந்தாலும் எடுக்காதீர்கள். நோயோடு ஊர்விட்டு ஊர் வந்திருப்பவரைத் தூரத்திலிருந்து இழுத்து எடுக்கும் படத்தில் அவருக்கு ஒரு பங்கும் இல்லை.

[காட்சி: கையில் ஒரு பழைய லென்ஸ், பின்னால் மொபைல் டார்ச்.]

கடைசியாக, செகண்ட் ஹேண்ட் வாங்குவது பற்றி. மேலே சொன்ன பேன்கேக் லென்ஸைப் பழையதாக வாங்குவதில் தவறே இல்லை. கல்யாண வேலை பார்த்த பாடியை வாங்கினால் ஷட்டர் கவுன்ட், அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேளுங்கள். லென்ஸை மொபைல் டார்ச்சுக்கு எதிரே பிடித்து இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். ஒன்றிரண்டு தூசித் துகள் இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. நூல் நூலாகக் கிளை பிரிந்து ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சை. விலையைப் பாதியாகக் குறைத்தாலும் வாங்காதீர்கள். மிச்சமாகும் பணத்தில் இரண்டாவது பேட்டரி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.