227 கிலோவும் ஒரு தீப்பிழம்பும்: ‘தி கலிலியோ செவன்’ பற்றி

அவையோருக்கு வணக்கம்.

1967 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளிக் கதைத் தொடரின் முதல் பருவத்து அத்தியாயமான ‘தி கலிலியோ செவன்’ ஒளிபரப்பானது. கதை ஆலிவர் கிராஃபோர்டுடையது. 1950களில் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சிக்கிப் பிழைப்பை இழந்தவர் அவர். திரைக்கதையில் உடன் எழுதிய ஷிமோன் வின்சல்பெர்க், எஸ். பார்-டேவிட் என்ற புனைபெயரைப் போட்டுக்கொண்டார். இயக்கியவர் ராபர்ட் ஜிஸ்ட்.

இந்த அத்தியாயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள். தர்க்கமே உருவான ஸ்பாக் என்ற விண்கப்பல் அதிகாரி, கடைசியில் உணர்ச்சிக்கு இடம் கொடுத்துத் தப்பித்தார் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு முடிவு வருகிறது. அந்தக் கணக்கைத்தான் இன்று உங்கள் முன் போடப்போகிறேன்.

கதை எளியது. மக்கஸ் 3 என்ற கோளுக்கு மருந்து கொண்டுபோகிறது எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பல். பயணம் மூன்று நாள்; சரக்கு கைமாற வேண்டியதோ ஐந்தாம் நாள். கையில் இரண்டு நாள் மிச்சம். வழியில் முராசாகி 312 என்ற குவேசார் போன்ற அமைப்பு தென்பட, அதை ஆராய கலிலியோ என்ற ஒரு சிறுகலத்தில் ஏழு பேர் புறப்படுகிறார்கள்: ஸ்பாக், மருத்துவர் மெக்காய், பொறியாளர் ஸ்காட், லாட்டிமர், கேட்டானோ, போமா, மியர்ஸ் என்ற பெண். கலம் திசைமாறி டாரஸ் 2 என்ற கோளில் மோதி இறங்குகிறது. குவேசார் என்பது வெகு தொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன்கூட்ட மையம்; அந்தப் பெயரே 1964-இல்தான் புழக்கத்துக்கு வந்தது. அன்றைக்கு அது சுடச்சுடச் செய்தி. ஆனால் 3சி 273 என்ற பெயர்பெற்ற குவேசாரே சுமார் 240 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. போகிற வழியில் எட்டிப்பார்த்துவிட்டு வருகிற இடமில்லை. அதனால்தான் எழுத்தாளர்கள் ‘குவேசார் போன்ற’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டு நழுவிவிட்டார்கள்.

கலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன், 1966 அக்டோபரில் வந்த ஓர் அத்தியாயத்தில், ஆட்களைக் கப்பலிலிருந்து கோளுக்கு நொடியில் அனுப்பி மீட்கும் கருவி பழுதாகி, கப்பல் ஊழியர் சுலுவும் சிலரும் பனிக்கோளில் உறைந்து சாகக் கிடக்கிறார்கள். ஒரு சிறுகலத்தை அனுப்பலாமே என்று அங்கே யாருக்கும் தோன்றாது. காரணம், அந்தக் கலம் அப்போது கட்டப்படவே இல்லை. செட் போடக் காசில்லை. பிறகு, பொம்மை மாதிரிகள் விற்கும் உரிமைக்கு ஈடாக ஏ.எம்.டி. நிறுவனம் அதைக் கட்டிக்கொடுத்தது. வசனத்தில் நீளம் 24 அடி. வெளிக்கூட்டுக்குள் ஒரு வளர்ந்த ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. ஆனால் உள்ளே படமாக்கிய செட்டில் எல்லோரும் தாராளமாக நடமாடுவார்கள்.

இனி எடைக்கு வருவோம்.

விழுந்த கலத்தை ஆராய்ந்த ஸ்காட் சொல்கிறார்: சுற்றுப்பாதையை எட்ட வேண்டுமானால் 500 பவுண்டாவது குறைக்க வேண்டும். ஸ்பாக் உடனே, மூன்று ஆட்களின் எடை என்கிறார். 500 பவுண்டு என்பது 227 கிலோ. ஆளுக்கு 75 கிலோ. கணக்கு சரி. ஆளுக்குப் பதில் பொருட்களைக் கழற்றி எறியலாமே என்கிறார் மெக்காய். கலத்தில் உள்ள ஏறக்குறைய எல்லாக் கருவியுமே மேலே போகத் தேவை, உபரி எடை பயணிகளிடம்தான் இருக்கிறது என்று பதில் வருகிறது. கேட்பவர்களுக்குக் கொடூரமாகத்தான் படும்.

ஆனால் ஒரு முழுக் கலத்தில் வெறும் 227 கிலோ அப்படி என்ன செய்துவிடும்? பூமியை ஒத்த ஒரு கோளின் தரையிலிருந்து தாழ்ந்த சுற்றுப்பாதைக்குப் போக, காற்றுத் தடையையும் ஈர்ப்பு இழப்பையும் சேர்த்து நொடிக்கு சுமார் 9.4 கிலோமீட்டர் வேகத்துக்கு ஈடான உந்துதல் வேண்டும். நல்ல ஹைட்ரஜன் எஞ்சினில் வாயு வெளியேறும் வேகம் நொடிக்கு 4.5 கிலோமீட்டர். ராக்கெட் சமன்பாட்டில் இவற்றைப் போட்டால், மேலே சேரும் ஒவ்வொரு கிலோவுக்கும் கீழே சுமார் ஏழு கிலோ எரிபொருள் வேண்டும். ஆக 227 கிலோவைக் குறைத்தால் 1,600 கிலோ எரிபொருள் மிச்சம். ஸ்காட் கேட்டது அதைத்தான்.

நிஜத்திலும் இதைச் செய்திருக்கிறார்கள். 1969-இல் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவை விட்டுக் கிளம்பும் முன், உயிர்காப்புக் கருவி கொண்ட தங்கள் முதுகுப்பைகளை வெளியே எறிந்தார்கள். அவை விழுந்த அதிர்வை, அவர்களே அங்கு வைத்த நில அதிர்வுமானி பதிவு செய்தது.

அடுத்த இடி, எரிபொருள் மொத்தமும் கசிந்து போவது. எரிபொருள் குழாய்களைப் பழுது பார்க்கும்போதே இருந்ததும் வடிந்துவிடுகிறது. இப்போது எடைக் கணக்குக்கே பொருளில்லை. ஸ்காட் ஒரு மாற்று வழி சொல்கிறார்: எல்லோரிடமும் உள்ள ஃபேசர் துப்பாக்கிகளின் சக்தியை வடித்து எஞ்சினுக்கு ஊட்டலாம். வெளியே ஈட்டியோடு, அந்தக் கோளில் வாழும் ராட்சத மனிதர்கள். உள்ளே கையில் இருக்கும் ஒரே ஆயுதத்தைக் காலி செய்யச் சொல்கிறார்கள். காவலா, பயணமா என்ற இந்த இழுபறிதான் அத்தியாயத்தின் மிகச் சிறந்த பகுதி.

இதிலும் கணக்கு உண்டு. கலத்தின் எடை ஐந்து டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகத்தில் அதைச் சுற்றவிட, இழப்பு எதையும் சேர்க்காமலே, சுமார் 42,000 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் வேண்டும். ஏழு துப்பாக்கிகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் 6,000 யூனிட்; வெடிமருந்தாகச் சொன்னால் ஐந்து டன் டி.என்.டி. இடுப்பில் செருகிக்கொள்கிற பொருளில்! இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ராக்கெட்டுக்கு ஆற்றல் மட்டும் போதாது, பின்னால் எறிய ஏதாவது ஒரு பொருளும் வேண்டும். துப்பாக்கியிலிருந்து வந்த சக்தி, பிற்பாடு கொட்டிப் பற்றவைக்கும் எரிபொருளாக எப்படி மாறியது என்பதை எழுத்தாளர்கள் நம் பெருந்தன்மைக்கு விட்டுவிட்டார்கள்.

ஸ்பாக்கின் உண்மையான பிழை எங்கே? இங்கேதான். ஈட்டியால் லாட்டிமர் கொல்லப்பட்ட பிறகு, கொல்லாமல் சுட்டு மிரட்டினால் அந்த ராட்சதர்கள் விலகிவிடுவார்கள் என்று ஸ்பாக் முடிவெடுக்கிறார். அவர்களோ கோபங்கொண்டு திரும்பி வருகிறார்கள். தனியாகக் காவலுக்கு விடப்பட்ட கேட்டானோ சாகிறார். கலத்தின் மேல் பாறையை வைத்து இடிக்கிறார்கள். மாற்றானைத் தன்னைப்போலவே கணக்குப் பார்த்து நடப்பவன் என்று எண்ணியது ஸ்பாக்கின் பிழை. போட்ட தர்க்கத்தில் பழுதில்லை. உள்ளே போட்ட தரவு தவறு. மெக்காய் இதைச் சரியாகவே குத்திக்காட்டுகிறார். பின்பு கலத்தின் பேட்டரியை வெளித்தோட்டில் பாய்ச்சி, அதிர்ச்சி கொடுத்து அவர்களை விரட்டுகிற யோசனை ஸ்பாக்குடையது. அது பலிக்கிறது, ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். கிளம்பும்போது அவர்கள் கலத்தையே பிடித்து நிறுத்துகிறார்கள். பூஸ்டர்களை எரித்துத்தான் விடுபட முடிகிறது. மேலே தங்குவதற்கு வைத்திருந்த எரிபொருளில் பெரும்பங்கு அங்கே போய்விடுகிறது.

எரிபொருள் தீர்ந்தால் கலம் ஏன் விழ வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சரியான சுற்றுப்பாதையில் எரிபொருளே வேண்டாம். 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையம்கூட எப்போதாவது ஒருமுறைதான் தன்னைத் தூக்கிவிட்டுக்கொள்கிறது. ஆனால் பாதையின் தாழ்ந்த முனை காற்று மண்டலத்துக்குள் இருந்தால், எஞ்சின் நின்றதும் ஒரு சுற்று முடிவதற்குள் இறங்கிவிடும். கலிலியோ எட்டியது அந்த அரைகுறைப் பாதையைத்தான் என்று எடுத்துக்கொண்டால் கதை நிற்கிறது.

இப்போது அந்தக் கடைசிச் செயல். ஸ்பாக் யாரையும் கேட்காமல் மிச்ச எரிபொருளை வெளியே கொட்டிப் பற்றவைக்கிறார். கலத்தின் பின்னால் நீண்ட தீப்பிழம்பு. எல்லோரும் அதிர்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். எரிபொருளை வைத்துக்கொண்டால் ஆயுள் கொஞ்ச நேரம் நீளும். ஆனால் முராசாகியின் குறுக்கீட்டில் எண்டர்பிரைஸின் உணர்கருவிகள் தடுமாறுகின்றன, கலத்திலிருந்து குரலும் போய்ச் சேரவில்லை. மீட்பு வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யம். கொட்டினால் ஆயுள் சில நிமிடம்; ஆனால் யாரேனும் பார்த்துக்கொண்டிருந்தால் பிழைக்கலாம். பூஜ்யத்தைவிட எந்தச் சிறு வாய்ப்பும் பெரிது. இதில் உணர்ச்சி எங்கே வந்தது?

‘யாரேனும் பார்த்துக்கொண்டிருந்தால்’ என்ற பாதியை நிறைவேற்றியவர் எண்டர்பிரைஸின் தலைவர் கர்க். மருந்து போய்ச் சேருவதை மேற்பார்க்கும் ஆணையர் ஃபெர்ரிஸ், கெடு முடிந்தது, கிளம்பு என்று நெருக்குகிறார். கர்க் கிளம்புகிறார், ஆனால் சாதாரண வேகத்தில், எல்லா உணர்கருவிகளையும் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு. அப்படி வைக்காமல் முழு வேகத்தில் போயிருந்தால் அந்தத் தீ வீணாகியிருக்கும். ஏழு பேரில் ஐந்து பேர் கப்பலுக்குத் திரும்புகிறார்கள்.

மேல்தளத்தில், அது ஒரு உணர்ச்சிவசப்பட்ட செயல்தானே என்று கர்க் சீண்டுகிறார். ஸ்பாக் ஒப்புக்கொள்ள மறுக்கிறார். நிலைமையை ஆராய்ந்து, தர்க்கப்படியே அந்த முடிவுக்கு வந்ததாகச் சாதிக்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். எழுத்தாளர்களும் சிரிப்பவர்கள் பக்கம்தான். என் வாக்கு ஸ்பாக்குக்கு.