கலையா, கல்லாவா? ‘ஜாஸ் 2’ படத்துக்காக ஒரு வாதம்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

‘வெற்றிப் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுப்பது கலைக்காகவா, கல்லாவுக்காகவா?’ என்பது தலைப்பு. கல்லாவுக்குத்தான் என்று அடித்துப் பேசிய எதிரணித் தலைவர், 1978-ல் வந்த ‘ஜாஸ் 2’ என்ற ஹாலிவுட் சுறாப் படத்தைக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். முதல் பாகமான ‘ஜாஸ்’ படத்தை இயக்கிய ஸ்பீல்பெர்க் இதை இயக்கவில்லை என்றார். அதில் மறைந்திருந்து மிரட்டிய சுறாவை இதில் வெட்டவெளிச்சத்தில் காட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்றார். கதாநாயகன் ராய் ஷைடர்கூட ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு வேண்டாவெறுப்பாகத்தான் நடித்தார் என்றார். அவர் தந்த தகவல் எல்லாம் சரி. அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவைத்தான் மறுக்கிறேன்.

1975-ல் வந்த முதல் படத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அமிட்டி என்றொரு தீவு. சுறா வந்திருக்கிறது, கடற்கரையை மூடுங்கள் என்று மன்றாடுகிறார் போலீஸ் அதிகாரி பிராடி. கோடை வியாபாரம் படுத்துவிடும் என்று மேயர் மறுக்கிறார். உயிர்கள் போகின்றன. கடைசியில், தண்ணீரைக் கண்டாலே அஞ்சுகிற பிராடியே கடலுக்குப் போய் அந்தச் சுறாவைக் கொல்கிறார். அரங்கம் கைதட்டுகிறது, திரை விழுகிறது.

அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு என்ன ஆனது? ராத்திரி தூங்கினாரா? ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியதா? இதைக் கேட்க முதல் படத்தில் இடமே இல்லை. கேட்க ஓர் இரண்டாம் பாகம் வேண்டியிருந்தது. ழானோ ஸ்வார்க் இயக்கிய அந்தப் படம் அதைக் கேட்டது.

சில வருஷம் கழித்து அதே ஊர். அதே மேயர், அதே நாற்காலி! புதிய ஓட்டல் திறக்கிறார்கள், மனை வாங்க முதலீட்டாளர்கள் வருகிறார்கள். பிராடியின் மனைவி வேலை பார்ப்பதே அந்த மனைகளை விற்கும் ரியல் எஸ்டேட் அதிபரிடம்தான். இப்போது பிராடி வாயைத் திறந்தால் ஊர்ப் பகையோடு வீட்டுச் சம்பளமும் போகும். இந்த நெருக்கடி முதல் படத்தில் உண்டா?

ஒரு காட்சியைச் சொல்கிறேன். கடற்கரைக் கண்காணிப்புக் கோபுரத்தில் நிற்கிறார் பிராடி. தண்ணீருக்குள் கருப்பாக ஒரு நிழல் நகர்கிறது. ஓடி வருகிறார், வெளியே வாருங்கள் என்று கத்துகிறார், துப்பாக்கியை எடுத்துத் தண்ணீரில் சுடுகிறார். குழந்தைகளை வாரிக்கொண்டு ஜனம் சிதறி ஓடுகிறது. வந்தது சுறா இல்லை, மீன் கூட்டம். முதலீட்டாளர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பிராடி மண்ணில் குனிந்து, சுட்டு விழுந்த தோட்டாக் கூடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார். அவருடைய சின்ன மகன் பக்கத்தில் வந்து, தானும் பொறுக்கித் தருகிறான். ஊரையே காப்பாற்றிய மனிதருக்கு அந்த நேரத்தில் துணை அந்தப் பிள்ளை ஒருவன்தான். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. இதைக் கல்லாப்பெட்டிக் காட்சி என்று யாரால் சொல்ல முடியும்?

அடுத்து, கடலுக்குள் முக்குளிக்கப் போனவர்களின் கேமராவில் கிடைத்த மங்கலான படத்தை ஊராட்சிக் கூட்டத்தில் காட்டுகிறார் பிராடி. அதில் தெரிவது சுறாவின் கண் என்கிறார். யாரும் ஏற்கவில்லை. பதவியே பறிபோகிறது.

சுறாவைக் காட்டிவிட்டார்கள் என்கிற குற்றச்சாட்டுக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. முதல் படத்தின் இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி படுத்துக்கொண்டது. 55 நாளில் முடியவேண்டிய படப்பிடிப்பு 159 நாளுக்கு இழுத்தது. சுறாவைக் காட்ட முடியாத நிலையில், ஸ்பீல்பெர்க் காட்டாமலே பயமுறுத்தினார். மேதையின் வேலை அது, தலைவணங்குகிறேன். ஆனால் 1978-ல் அரங்குக்குள் வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சுறா எப்படி இருக்கும் என்பது தெரியும். அவர்களிடம் அதே கண்ணாமூச்சி ஆடினால் எடுபடுமா? அதனால் பதற்றத்தையே இடம் மாற்றினார்கள். சுறா இருப்பது நமக்குத் தெரியும், பிராடிக்குத் தெரியும், ஊருக்கு மட்டும் தெரியாது. சுறா எப்போது வரும் என்று முதல் படத்தில் தவித்தோம். இவர் பேச்சை எப்போது நம்புவார்கள் என்று இதில் தவிக்கிறோம்.

ராய் ஷைடர் மனமில்லாமல் வந்தார், உண்மை. பிராடி மட்டும் மனம் உவந்தா கடலுக்குத் திரும்பினார்? அந்தக் களைப்பு, அந்த எரிச்சல், ‘மறுபடியுமா?’ என்கிற அந்தப் பார்வை, எல்லாம் அந்தப் பாத்திரத்துக்கு வேண்டியவை. எங்கிருந்து வந்தால் என்ன, திரையில் அது பிராடியின் முகமாகத்தான் நிற்கிறது.

பணத்துக்கும் வருகிறேன். முதல் படத்துக்கு ஆன செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இதற்குச் செலவிட்டது யுனிவர்சல் நிறுவனம். லாபத்தை எதிர்பார்த்துத்தான் போட்டார்கள். முதல் படத்துக்கு மட்டும் தர்மத்துக்கா பணம் போட்டார்கள்? 1983-ல் முப்பரிமாணத்தில் வந்த மூன்றாம் பாகத்தையும், பிராடி குடும்பத்தைச் சுறா பஹாமாஸ் வரை துரத்தும் 1987-ன் நான்காம் பாகத்தையும் எதிரணி தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். அவற்றில் புதிதாக ஒரு கேள்வி இல்லை. ‘ஜாஸ் 2’ படத்தில் இருந்தது.

முடிவைப் பாருங்கள், நடுவர் அவர்களே. பிள்ளைகள் பாய்மரப் படகுகளோடு நடுக்கடலில் சிக்கியிருக்கிறார்கள். பிராடி கையில் பதவி இல்லை. முதல் படத்தில் துணைக்கு வந்த இருவரும் இல்லை. ஒரு ரப்பர் படகில் உட்கார்ந்து, கடலடியிலிருந்து மேலே இழுபட்ட மின்கம்பியைத் துடுப்பால் ஓங்கி ஓங்கி அடிக்கிறார், சத்தம் கேட்டு அந்தச் சுறா தன்னை நோக்கி வரட்டும் என்று. தண்ணீருக்கு அஞ்சிய மனிதர், தன்னையே தூண்டில் இரையாக வைக்கிறார். வந்த சுறா கம்பியைக் கடித்துக் கருகிச் சாகிறது.

இது கலைக்காக எடுத்த இரண்டாம் பாகம்தான் என்று தாங்கள் தீர்ப்பளிக்க வேண்டும் எனக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.